மூன்று நிறங்கள் ஒத்துப்போகாதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முதன்மையாக ஒரு நிறம், துணைக்கு ஒன்று, எடுப்பாகத் தெரிய ஒன்று. வீட்டுக்கும் கடைக்கும் உடைக்கும் இந்த மூன்று போதும் என்று முடிவெடுத்து வேலையை முடித்த பிறகு, “ஏதோ சரியில்லை, வந்து பாருங்கள்” என்று அழைப்பவர்கள் பலர். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நிறத்தேர்வில் குறை இருக்காது. எந்த நிறம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எந்த விளக்கு அதன்மேல் விழுகிறது, எண்ணாமல் விட்ட பொருள் எது என்ற மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஆகவே இன்னொரு டப்பா வாங்கக் கிளம்பும் முன் உங்கள் அறிகுறி எது என்று கீழே பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனையை முன்னால் வைத்திருக்கிறேன்.

## மூன்று நிறம்தான் பூசினோம், ஆனாலும் அறை கண்ணை உறுத்துகிறது

முதலில் எண்ணுங்கள். வாசற்படியில் நின்று அறையை ஒரு படம் எடுத்து, கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பொருள்கள் மறைந்து நிறத் திட்டுகள் மட்டும் தெரியும். அவை எத்தனை? சுவரில் மூன்று என்றால், தேக்குக் கதவின் பழுப்பு நான்கு, தரை ஐந்து, திரைச்சீலை ஆறு, சோபா உறை ஏழு என்று போய்க்கொண்டே இருக்கும். பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி, தினசரி காலண்டர், ஜன்னல் கம்பி எல்லாம் இதற்கு மேல்.

தரையை யாருமே எண்ணுவதில்லை. சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் உங்கள் மூன்றில் ஒன்று முன்பே தீர்மானமாகிவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் அந்தக் கல்லுக்குள்ளேயே மூன்று நிறம் இருக்கும். அங்கே சுவருக்கு மீதமிருப்பது வெள்ளையோ வெளிர் சந்தனமோதான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தரையோடு சுவர் மல்லுக்கு நிற்கும், வெல்லப்போவது தரைதான்.

எண்ணிக்கை கூடியிருந்தால் கழற்றக்கூடியவற்றைக் கழற்றுங்கள். திரைச்சீலை, மெத்தை உறை, மேசை விரிப்பு மூன்றையும் ஒருநாள் அறையைவிட்டு வெளியே வைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பாதி வீடுகளில் வேலை இங்கேயே முடிகிறது.

எண்ணிக்கை சரி என்றால் பரப்பை அளந்து பாருங்கள். உள்ளலங்காரக்காரர்கள் 60-30-10 என்று ஒரு பங்கீடு சொல்வார்கள்: முதன்மை நிறம் அறையில் அறுபது சதவீதம், துணை முப்பது, எடுப்பு நிறம் பத்து. வாய்ப்பாடாகச் சொல்பவர்களில் பலர் அளந்து பார்ப்பதில்லை. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி, தரை 120, கூரை 120, மொத்தம் 680. இதில் பத்து சதவீதம் 68 சதுர அடி. இப்போது எல்லோரும் செய்வது போல ‘ஒரே ஒரு சுவருக்கு மட்டும்’ அடர்நிறம் பூசுகிறீர்கள். சிறிய சுவரே 100 சதுர அடி, கிட்டத்தட்ட 15 சதவீதம். பெரிய சுவர் என்றால் 18-ஐ நெருங்கும். அதே நிறத்தில் திரைச்சீலையும் தலையணை உறையும் வாங்கிப் போட்டால் அது எடுப்பு நிறமாக இருப்பதை விட்டு, துணை நிறத்தோடு நாற்காலிக்கு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

இதற்குச் சுவரை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சுவர் நிறத்தைத் துணை நிறம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பழைய துணை நிறத்தைப் பத்துக்குள் சுருக்குங்கள். திரைச்சீலை மாற்றும் செலவோடு முடியும்.

மூன்று என்றவுடன் தேசியக் கொடி போலச் சரிசமமாகப் பிரிக்கும் பழக்கமும் உண்டு. கொடி உயரத்தில் பறந்து, தூரத்திலிருந்து அடையாளம் தெரிவதற்காக அமைந்தது. அதற்குள் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லை.

பரப்பும் சரி, இன்னும் உறுத்துகிறது என்றால் மூன்றுமே பளிச் நிறங்களாக இருக்கும். கிளிப்பச்சை, ராணி இளஞ்சிவப்பு, மாம்பழ மஞ்சள் மூன்றும் தனித்தனியே அழகுதான், ஆனால் ஓரறையில் ஒன்றுக்குத்தான் இடம். மற்ற இரண்டையும் அதே குடும்பத்தின் மங்கலான வகைக்கு மாற்றுங்கள். மாம்பழ மஞ்சளுக்குப் பதில் சந்தனம், கிளிப்பச்சைக்குப் பதில் சாம்பல் கலந்த பச்சை. இங்கே பெயின்ட் செலவு வரும். இரண்டுக்கும் கட்டுப்படாவிட்டால் பெரிய பரப்பை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் மாற்றாதீர்கள்.

எப்போது ஆள் அழைப்பது? உறுத்துவது கிரானைட், பதித்த டைல்ஸ், அலமாரியின் லேமினேட் என்று பெயர்க்க முடியாத ஒன்றானால், பெயின்டரை அழைக்காமல் உள்ளலங்காரக்காரரை ஒருமுறை வரவழைத்து நிறத்தேர்வுக்கு மட்டும் கட்டணம் கொடுங்கள். அலமாரியை உடைப்பதைவிட அது மலிவு.

## ஷேடு கார்டில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம்

*பூசி எவ்வளவு நேரம் ஆயிற்று?* எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் பெரும்பாலும் சற்று அடர்த்தியாகவும் இருக்கும். இரண்டாவது கோட் முடிந்து ஒருநாள் கழியாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். முதல் கோட்டைப் பார்த்துவிட்டுப் பெயின்டரோடு சண்டை போடுபவர்கள் மறுநாள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

*எந்த விளக்கின் கீழ் பார்க்கிறீர்கள்?* பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் எண் அச்சிட்டிருக்கும். நம் வீடுகளில் அதிகம் எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, நீலச்சாயல் உடையது. சந்தனத்தை அது பச்சை கலந்ததுபோல் காட்டும், செங்கல் நிறத்தைச் சாகடிக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி. அதில் வெளிர்நீலம் சாம்பலாகும். 4000 நடுவில் நிற்கும். ஒரே ஒரு 4000 கெல்வின் பல்பை மாட்டிப் பாருங்கள். நிறம் திரும்பி வந்துவிட்டால் மிச்சத்தையும் மாற்றுங்கள், சுவரைத் தொடாதீர்கள்.

*அட்டைத் துண்டு எவ்வளவு பெரியது?* தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய துண்டில் இதமாகத் தெரிந்த நிறம், நாலு சுவரும் சூழ்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஒளியை எறியும்போது உக்கிரமாகிவிடும். அட்டையில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிர்ந்ததை எடுப்பது பாதுகாப்பு. இன்னும் நல்லது, ஒரு சார்ட் அட்டை முழுவதும் இரண்டு கோட் பூசி, காலை, நண்பகல், விளக்கு வைத்தபின் என்று அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்துப் பார்ப்பது. சுவரிலேயே நேராகப் பூசிச் சோதிக்க வேண்டாம். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

*ஒரு சுவர் மட்டும் வேறாக இருக்கிறதா?* அடியில் பழைய அடர்நிறம் இருந்து, பிரைமர் அடிக்காமல் பூசியிருப்பார்கள். மஞ்சளும் சிவப்பும் மூடும் திறன் குறைந்தவை. இரண்டு கோட்டில் அடங்காது, மூன்றாவது வேண்டும். அப்படி இல்லையென்றால் வாளிக்கு வாளி வேறுபாடு. மூடியில் ஒட்டிய சீட்டில் நிற எண்ணும் பேஸ் (நிறம் கலப்பதற்கு முந்தைய மூலப் பெயின்ட்) வகையும் இருக்கும்; எல்லா வாளிகளிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பேஸ் மாறியிருந்தால் தவறு கடையுடையது, மாற்றித் தர வேண்டும். ஒன்றாகவே இருந்தும் வேறுபட்டால், மீதமிருப்பதை ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கி, மூலைக்கு மூலை முழுச் சுவராகப் பூசச் சொல்லுங்கள். நடுச்சுவரில் ஒட்டுப்போட்டால் அந்தக் கோடு உங்கள் காலம் முழுக்கத் தெரியும்.

## தனியாக நன்றாக இருக்கிறது, பக்கத்தில் வைத்தால் அழுக்காகத் தெரிகிறது

பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் லேசாக இளஞ்சிவப்பு அடிக்கும். பளீர் வெள்ளைக் கூரைக்குக் கீழே பால்வெள்ளைச் சுவர் மஞ்சள் பாரித்துத் தெரியும். பெயின்ட் மோசம் என்று நினைக்கத் தோன்றும்.

பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்துக்கு இதே புகார் வந்தது: அங்கே சாயமேற்றிய கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்றார்கள். சாயப்பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் அதை மற்றக் கூடங்களின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூலில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்தது; பெயின்ட் கடையில் இந்தப் புகார் இன்றும் தினமும் வருகிறது.

சோதனை: ஒரு வெள்ளை அட்டையில் ரூபாய் நாணயம் அளவு துளை போட்டு, அதன் வழியே ஒரு நிறத்தை மட்டும் பாருங்கள். துளைக்குள் நிறம் சுத்தமாக இருந்தால் கோளாறு அண்டை நிறத்தில். இரண்டுக்கும் நடுவே மரச்சட்டமோ இரண்டங்குல வெள்ளைப் பட்டையோ கொடுத்துப் பிரித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். துளைக்குள்ளும் அழுக்காகவே இருந்தால் உண்மையிலேயே அழுக்கு, துடையுங்கள்.

## கடையில் பொருந்திய ரவிக்கைத் துணி வீட்டில் பொருந்தவில்லை

புடவைக்கடையில் அம்மாக்கள் துணியை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதைக் கடைப்பையன்கள் அலுப்போடு பார்ப்பார்கள். அந்த அம்மாக்கள் செய்வதுதான் சரி. வேறுவேறு சாயத்தில் தோய்த்த இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியலாம். பட்டும் பருத்தியும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும்.

வாசல் வெளிச்சத்திலும் பொருந்தவில்லை என்றால், எந்த நிறத்துக்குப் பொருத்துகிறீர்கள் என்று பாருங்கள். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல், கரை, முந்தி என்று மூன்று இடம் முன்பே வகுத்து நெய்யப்பட்டிருக்கிறது. ரவிக்கை நான்காவது ஆளாக நுழையக் கூடாது. கரையின் நிறத்தையோ முந்தியின் நிறத்தையோ எடுத்துக்கொள்ள வேண்டும். சரிகையையும் கணக்கில் சேருங்கள். அகலச் சரிகைக் கரை என்றால் பொன்னிறமே ஒரு நிறம்.

மயில்கழுத்து போன்ற இருநிறச் சேலையில் தொல்லை வேறு. பாவில் (நீளவாக்கு நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) ஒரு நிறம். கோணம் மாறினால் சேலையே மாறும். அதன் உடலுக்கு ‘அதே நிறம்’ தேடிக் கடைகடையாக அலைந்தால் ஒருபோதும் கிடைக்காது. ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பிரித்து, பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே பார்த்து, இரண்டில் அடர்ந்த நிறத்துக்குப் பொருத்துங்கள்.

கடைசி வழி சாயம் போடுவது. வெள்ளையோ வெளிர் நிறமோ கொண்ட துணியைச் சாயக்காரரிடம் கொடுத்து, மாதிரிக்குப் படம் அனுப்பாமல் சேலையையே காட்டுங்கள். தைத்த ரவிக்கைக்குச் சாயம் போடச் சொல்லாதீர்கள். உள்துணி ஒரு நிறத்திலும் மேல்துணி ஒரு நிறத்திலும் தையல்நூல் பழைய நிறத்திலுமாக வந்து சேரும்.

## திரையில் நீலம், அச்சில் ஊதா

கடையின் சின்னம், பில் புத்தகம், பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் மூன்று நிறம் எடுத்திருக்கிறீர்கள். இங்கே இரண்டு கிளை.

எல்லாப் பொருளிலும் ஊதாவாகிறது. முதலில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த கைபேசியைப் பாருங்கள். இரவுநேரக் கண்காப்பு முறை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்த்ததே பொய் நிறம். அது இல்லையென்றால் கோப்பு. திரை ஒளியால் காட்டும் ஆழ்ந்த நீலத்தை நான்கு மையால் கொண்டுவர முடியாது. கோப்பு ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறை) இருந்தால் அச்சகத்தில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அந்த நான்கு மை) ஆக மாறும்போது நீலத்தில் மெஜந்தா ஏறி ஊதாவாகும். வடிவமைப்பாளரிடம் சயானைவிட மெஜந்தாவை முப்பது புள்ளியாவது குறைத்து வைக்கச் சொல்லுங்கள்: சயான் 100 என்றால் மெஜந்தா 70-க்கு மேல் போகக் கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் இப்படித்தான் அச்சில் சோர்ந்துபோகும். அவற்றைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பான்டோன் எண் (முன்பே கலந்த மை நிறங்களுக்கான எண்) கொடுத்துத் தனி மையில் அச்சிட வேண்டும். அதற்குத் தனித் தகடு, தனிச் செலவு.

ஒரு பொருளில் மட்டும் வேறாக இருக்கிறது. பெரும்பாலும் தாள். வழவழப்பான ஆர்ட் தாளில் பளிச்சிடும் அதே மை, பில் புத்தகத் தாளில் உறிஞ்சப்பட்டு மங்கும். காகிதத்தின் வெள்ளையும் உங்கள் மூன்றில் ஒன்று என்பது பழுப்பு உறையில் அச்சடிக்கும்வரை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மை ஒளி ஊடுருவக்கூடியது. பழுப்பின் மேல் மஞ்சள் அடித்தால் காணாமல் போகும், நீலம் அழுக்குப் பச்சையாகும். பழுப்பு உறைக்கு அடர்நிறம் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், மிச்சத்தை உறையே பார்த்துக்கொள்ளும். துணிப்பைக்கு ஸ்கிரீன் அச்சு என்றால் மையைக் கையால் கலப்பார்கள். அங்கே கோப்பு எண் எதுவும் வேலைக்கு ஆகாது. நன்றாக வந்த பழைய பை ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, வெயிலில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் பையில் இரண்டு நிறத்தோடு நிறுத்துவதுதான் சிக்கனம்.

பெரிய ஆர்டர் என்றால் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது அச்சகத்தில் நேரில் நின்று, முதல் சில தாள்களைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட தாள் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாக்குவாதம் வந்தால் அதுதான் பேசும்.

## பெயர்ப்பலகை அழகாக இருக்கிறது, எதிர்ச்சாரியிலிருந்து படிக்க முடியவில்லை

பலகையைப் படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து பின்னணிக்குள் கரைந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. நிறம் வேறாக இருப்பது போதாது, வெளுப்பு-கருமை வேறாக இருக்க வேண்டும். இணையதளங்களுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. திரையின் தூய நீலத்தின்மேல் தூய சிவப்பை வைத்தால் கிடைப்பது சுமார் 2.1. அடர்பச்சையின்மேல் சிவப்பு வைத்தால் 1.3-ஐத்தான் தொடுகிறது. வெள்ளையின்மேல் மஞ்சளுக்கு 1.1-கூட வராது. பலகை இணையதளம் அல்ல என்றாலும் கண் ஒன்றுதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமானவர்கள். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 சதவீதம். அவர்களுக்கு அந்தப் பலகை வெறும் பலகை.

எளிய தீர்வு, நிறங்களை இடம் மாற்றுவது. மூன்றில் மிக வெளிர்ந்ததும் மிக அடர்ந்ததும் எழுத்து-பின்னணி ஜோடியாக இருக்கட்டும், நடுவிலுள்ளது ஓரப்பட்டைக்கும் சின்னத்துக்கும் போகட்டும்.

அதுவும் சரியாக இருந்தால், மொழிக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். தமிழுக்குச் சிவப்பு, ஆங்கிலத்துக்கு நீலம், கைபேசி எண்ணுக்குப் பச்சை என்று வைத்தால் நிறங்கள் எழுத்துக்கே செலவாகிவிடும். தமிழ்நாட்டில் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அளவால் முதன்மை கொடுங்கள், எல்லா எழுத்துக்கும் ஒரே நிறம் போதும். எழுத்தைச் சுற்றி இன்னொரு நிறத்தில் கோடும் நிழலும் போடுவது இன்னும் மோசம். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு தூரத்தில் கறையாகத் தெரியும்.

பிறகு உயரம். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பலகைக்காரர்களின் கணக்கு. 60 அடி தள்ளி நிற்பவருக்கு ஆறு அங்குல எழுத்து வேண்டும். ஃபிளெக்ஸ் பலகை என்றால் புதிதாக அச்சிடுவது பெரிய செலவு இல்லை. உள்ளே விளக்கு வைத்த பலகையோ, மூன்று பரிமாண எழுத்து பதித்ததோ என்றால் நீங்களே கழற்ற முயலாதீர்கள். மின் இணைப்பும் உயரமும் சேர்ந்த வேலை, செய்தவரையே அழையுங்கள்.

## “எந்தக் கட்சி?” என்று கேட்கிறார்கள்

கறுப்பும் சிவப்பும், அவற்றோடு நடுவில் வெள்ளை, அல்லது காவி-வெள்ளை-பச்சை. வேறு ஊரில் இவை வெறும் நிறங்கள். இங்கே அகலக் கிடைப்பட்டைகளாக அடுக்கினால் கடைக்கு முன்னால் கொடிக்கம்பம் மட்டும்தான் குறை. பட்டைகளைச் செங்குத்தாக்கினாலோ, ஒரு நிறத்தை எழுபது சதவீதத்துக்குப் பெருக்கி மற்றவற்றைச் சுருக்கினாலோ பெரும்பாலும் கேள்வி நின்றுவிடும். நிற்காவிட்டால் சிவப்பை அரக்குக்கோ செங்கல் நிறத்துக்கோ நகர்த்துங்கள். தேர்தல் நேரத்தில் புதிய பலகை வைப்பதாக இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முதலில் காட்டிவிடுவது நல்லது; வடிவமைப்பாளர் கண்ணில் படாதது அவர் கண்ணில் படும்.

## வெளிச்சுவரில் மூன்றில் ஒன்று மட்டும் வெளுத்துவிட்டது

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள்.

கை கறுப்பானால் தூசி. கழுவினால் போதும், நிறம் அடியில் இருக்கிறது.

கையில் அந்த நிறத்துப் பொடியே ஒட்டினால் பூச்சு உதிர்கிறது. உள்சுவருக்கான பெயின்டை வெளியே அடித்திருப்பார்கள், அல்லது வயதாகிவிட்டது. சுரண்டிக் கழுவி, பிரைமர் அடித்து, வெளிப்பூச்சு எமல்ஷன் போட வேண்டும்.

கையில் ஒன்றும் ஒட்டவில்லை, ஆனால் நிறம் வெளிறியிருக்கிறது என்றால் சாயப்பொருளே வெயிலில் சிதைந்திருக்கிறது. பளிச் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவை முதலில் போகும். மேற்குச் சுவர் போயிருக்கும், வடக்குச் சுவர் அப்படியே இருக்கும். அதே நிறத்தை மறுபடி பூசினால் மறுபடி போகும். இரும்பு ஆக்சைடு வகைகளான காவி, செங்கல், மண்மஞ்சள் வெயிலைத் தாங்குபவை. எடுப்பு நிறத்தை அந்தக் குடும்பத்துக்கு மாற்றுங்கள். பளிச் நிறம்தான் வேண்டும் என்றால் அதை வெயில் படாத தாழ்வாரத்துக்குள் வையுங்கள்.

வெளுப்பு திட்டுத் திட்டாகவும், தொட்டால் வெள்ளைத் தூளாகவும் இருந்தால் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவருக்குள் ஈரம், உப்பு பூத்திருக்கிறது. புதுப்பூச்சு நான்கு வாரமாவது ஆறாமல் பெயின்ட் அடித்த வீடுகளிலும் இது வரும். பழைய சுவரானால் பெயின்டரை வீட்டுக்குள் விடாதீர்கள். முதலில் பிளம்பர் குழாய்க் கசிவைப் பார்க்கட்டும். அது இல்லையென்றால் கொத்தனார் மாடித் தளத்தையும் கைப்பிடிச் சுவர் விரிசலையும் பார்க்கட்டும். சுவர் காய்ந்ததற்கு ஒரு சோதனை உண்டு: இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி படிந்திருந்தால் ஷேடு கார்டை இன்னும் திறக்க வேண்டாம்.